பதின்மூன்று வோல்ட்

சிக்கனமே அழகாகிவிடும் சிருஷ்டிகள் எந்தக் கலையிலும் அபூர்வமே. மைக்ரோகண்ட்ரோலர்களோடு பொழுதுபோக்காக உறவாடும் அன்பர்களின் உலகத்தில் அத்தகைய ஒன்றைக் காட்டச் சொன்னால், டென்மார்க் நாட்டவரான யென்ஸ் டியூகியர் மாட்ஸன் வகுத்ததும், அவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'ஜேடிஎம்' என்று வழங்குவதுமான சிறு புரோகிராமரைத்தான் தயக்கமின்றி முன்வைப்பேன்.

அதன் அருமை விளங்க, அது யாருக்குத் தொண்டு செய்ய வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். மைக்ரோசிப் கம்பெனியின் பிக் 16எஃப்84 என்ற சில்லு, 18 கால்களும் 1,024 கட்டளைகளுக்கு இடமும் கொண்டது. எழுதியதை அழிக்கப் புறஊதா விளக்கைத் தேடவேண்டாமல் மின்சாரத்தாலேயே அழித்து எழுத இசைவது. அதனாலேயே 1990-களின் பிற்பகுதியில் வீட்டு மேஜைகளில் செல்லப் பிள்ளையாக விளங்கிற்று. நிரலை அதனுள் ஏற்ற இரண்டே கம்பிகள் போதும்: 12-ஆம் காலில் கடிகாரத் துடிப்பு, 13-ஆம் காலில் தகவல். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 5 வோல்ட்டில் இயங்கும் அந்தச் சில்லின் 4-ஆம் காலுக்குச் சுமார் 13 வோல்ட் அளித்தாலொழிய அது எழுத இடங்கொடாது. இதற்கென்றே டிரான்ஸ்ஃபார்மரும் ரெகுலேட்டரும் வைத்துத் தனியாகப் பவர் சப்ளை கட்டுவோர் பலர்.

மாட்ஸன் கட்டவில்லை. கணினியின் சீரியல் போர்ட்டிலுள்ள கம்பிகள் கிரவுண்டுக்கு மேலும் கீழும் ஊசலாடுபவை என்பதையும், மேஜைக் கணினிகளில் அந்த ஊசலாட்டம் இரு புறமும் பெரும்பாலும் 10 வோல்ட்டை எட்டுவது என்பதையும் சூக்ஷ்மமாகக் கண்டுகொண்ட அவர், சாதாரணமாகச் சில்லின் கிரவுண்டோடு சேர்க்கப்படும் போர்ட்டின் கிரவுண்டை, சில்லின் 5 வோல்ட் காலோடு சேர்த்துவிட்டார். அவ்வளவுதான், கணக்கே மாறிப்போயிற்று. கணினி பூஜ்யம் என்பதைச் சில்லு 5 வோல்ட் என்று கொள்கிறது. அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே 5.1 வோல்ட்டை ஒரு ஸீனர் டயோடும், மேலே 8.2 வோல்ட்டை இன்னொரு ஸீனரும் நிலைநிறுத்த, இரு முனைகளுக்கும் இடையே 13.3 வோல்ட் தானாகவே அமைந்துவிடுகிறது. தரைக்கு மேல் எட்டு முழமும் உள்ளே ஐந்து முழமுமாக நட்ட கம்பத்தைப் பார்ப்பவன் எட்டு முழம் என்பான். அது பதின்மூன்று முழம் என்பதை நட்டவனே அறிவான்.

செய்தி சுமந்து வரும் கம்பிகளே ஆகாரமும் சுமந்து வருகின்றன. அவற்றிலிருந்து டயோடுகள் வழியே சேரும் மின்னூட்டத்தை இரண்டு மின்தேக்கிகள் காத்து வைக்கின்றன. இவற்றோடு இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்கள், விரல்விட்டு எண்ணத்தக்க ரெஸிஸ்டர்கள், வேறொன்றும் இல்லை. நீக்கத்தக்க உறுப்பு ஒன்றேனும் அதில் எனக்கு அகப்படவில்லை.

கட்டுகிறவர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய இடம் ஸீனர்களே. கண்ணாடி உடலின் கறுப்புப் பட்டை கேத்தோடைக் குறிக்கும். ஆனால் இரண்டும் உருவத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் படித்த பிறகே சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். இடம் மாறிவிட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 8 வோல்ட் போய்ச் சில்லுக்கே ஆபத்தாகும். சில்லை நேரே பற்றவைக்காமல் 18 கால் சாக்கெட் வைப்பது உத்தமம். சாக்கெட் காலியாக இருக்கும்போதே, ஐசி-ப்ராக் போன்ற மென்பொருளின் சோதனைப் பகுதியைத் திறந்து மின்னழுத்தத்தை ஏற்றி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5-ஆம் காலிலும் சிவப்பு முனையை 14-ஆம் காலிலும் வைத்தால் சுமார் 5 வோல்ட் காட்டும்; சிவப்பு முனையை 4-ஆம் காலுக்கு நகர்த்தினால், பாட்டரியோ அடாப்டரோ இல்லாத அந்தப் பலகையில் 13 வோல்ட் எழுந்து நிற்கும். அந்த ஆனந்தத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மடிக்கணினிகளின் சீரியல் போர்ட்டும், யூஎஸ்பி மாற்றுக் கேபிள்களும் பல சமயம் ஐந்தாறு வோல்ட்டோடு நின்றுவிடுவதால், அவற்றில் இது இயங்காது. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. தன் காலத்துக் கருவியின் இயல்பை அடிவரை அறிந்து, அதற்கென்றே வகுத்த யுக்தியில் நான் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது முள் போர்ட் உள்ள பழைய மேஜைக் கணினி ஏதேனும் கிடந்தால், தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு ஜேடிஎம் கட்டி அதில் சொருகிப் பாருங்கள்.