பியானோவைப் பாடவைத்தவர்கள்

ஊவாவின் பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதே ஆண்டில்தான் லயனல் வென்ட் இங்கிலாந்தில் படிப்பை முடித்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினார். இன்று அவரைப் புகைப்படக் கலைஞராகவும், '43 குழு' ஓவியர்களுக்குத் தோள்கொடுத்தவராகவும் அறிவோம். 1953இல் திறக்கப்பட்ட கொழும்பு அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தேர்ந்த பியானோ கலைஞரும்கூட. சட்டம் படிக்கப் போன லண்டனில், ராயல் அகாடமியில் ஒஸ்கார் பெரிங்கரிடமும் தனியே மார்க் ஹம்பூர்க்கிடமும் பாடம் கேட்டவர்.

பெரிங்கரின் குரு கார்ல் டவுசிக். அவருடைய குரு ஃபிரான்ஸ் லிஸ்ட். ஹம்பூர்க்கின் குரு வியன்னாவின் லெஷெட்டிஸ்கி. அவருடைய குரு செர்னி. செர்னிக்குச் சொல்லிக்கொடுத்தவர் பீத்தோவன். லிஸ்டும் சிறுவயதில் செர்னியிடம் பயின்றவர்தான். ஆக, ரொமான்டிக் காலப் பியானோவின் இரண்டு பெரும் பரம்பரைகளும் இலங்கையர் ஒருவரின் விரல்களில் வந்து சேர்ந்தன.

அந்தப் பரம்பரைகள் எதை நல்ல வாசிப்பு என்றன? முதலில் கருவியைப் பார்க்கவேண்டும். பியானோ தட்டி ஒலிக்கும் கருவி. கட்டையை அழுத்தியதும் சுத்தி கம்பியை அடிக்கிறது, அடித்த கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது. 1821இல் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்ற புதிய பொறியமைப்பில், கட்டை முழுதும் மேலே எழுமுன்பே மறுபடி தட்ட முடிந்தது. வேகம் கைக்கு வந்தது. ஆனால் தேயும் ஒலியைக் குரல்போல் நீட்டிக் காட்டுவது எப்படி என்பதற்குப் பொறியில் விடை இல்லை. அதைக் கலைஞர்களே தேடவேண்டியிருந்தது.

1832இல் பாரிஸில் பகானினியின் வயலினைக் கேட்டு அசந்துபோன லிஸ்ட், அதே வித்தையைப் பியானோவில் செய்ய முனைந்தார். அவருடைய 'லா கம்பனெல்லா'வில் வலக்கை கீழே ஒரு சுரத்தையும் மேலே மணியோசைபோன்ற இன்னொரு சுரத்தையும் மாறிமாறித் தொடுகிறது. இடைவெளி சிலவேளை இரண்டு ஸ்தாயி. கேட்பவர் தாவலைப் பார்த்து வியக்கிறார். மெட்டு இருப்பதோ கீழ்ச் சுரங்களில். மணி எட்ட நின்று ஒலிக்கவேண்டும், மெட்டு அருகில் வரவேண்டும். இரண்டையும் ஒரே பலத்தில் அடிப்பவர் ஒரு சுரத்தையும் தவறவிடாமலே பாட்டைக் கெடுத்துவிடுவார்.

ஷோபானின் வழி வேறு. இத்தாலியப் பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னவர் அவர். 25ஆம் தொகுப்பின் முதல் எட்யூடில் (பயிற்சிப் படைப்பில்) மெட்டு பெரிய எழுத்திலும் சுற்றியோடும் சுரங்கள் பொடி எழுத்திலும் அச்சாகியிருக்கின்றன. அந்த மெட்டைச் சுமப்பது, ஐந்தில் வலுக்குறைந்த சுண்டுவிரல்! காலத்தைப் பொறுத்தும் அவர் கண்டிப்பானவர்: வலக்கை சற்று முந்தலாம், பிந்தலாம், இடக்கை தாளத்தை விடக்கூடாது. இன்று 'உணர்ச்சி' என்ற பெயரில் இரண்டு கையையும் இழுத்தடிக்கும் வாசிப்பை அவர் ஏற்றிருக்கமாட்டார்.

பின்வந்த பள்ளிகளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்துக் கோத்தாற்போன்ற விரல்தெளிவை வளர்த்தார்கள். ரஷ்யாவில், 1862இல் அன்டன் ரூபின்ஸ்டைன் பீட்டர்ஸ்பேர்க்கில் நிறுவிய இசைக்கல்லூரியிலிருந்து, ரிக்டரையும் கிலெல்ஸையும் உருவாக்கிய நொய்ஹவுஸ் வரை, தோளிலிருந்து இறங்கும் கையின் எடையால் ஒலியைத் திரட்டினார்கள். ரக்மனினொஃபின் பெரிய படைப்புகளுக்கு ரஷ்ய வழியே பொருந்தும். ஷோபானுக்கு அந்த எடை சிலவேளை அதிகம்.

சென்னையிலும் இந்த ரஷ்ய வழி உண்டு. ஏ. ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரியில் ரஷ்யப் பியானோ வகுப்பை நடத்துபவர் சுரோஜித் சட்டர்ஜி. அவரிடம் பயின்ற லிடியன் நாதஸ்வரம், 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில், ரிம்ஸ்கி கோர்சகொஃபின் வண்டுப் பறத்தலை நிமிடத்துக்கு 208 தட்டில் தொடங்கி 325 தட்டுவரை ஏற்றி வாசித்தார்; போட்டியின் பரிசையும் வென்றார். பெருமைதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால் பாதியை மறைத்தவர்களாவோம். நம் தேயிலைத் தோட்டத்துக் காதுக்கு மீதிப் பாதி புரியும். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி எனத் தப்புப் பறையின் ஒலியைப் பிரித்தறிந்த காது அது. இடமறிந்து அடிப்பவரே அங்கே நல்ல தப்புக்காரர்.

ஊவாவில் பியானோ வைத்திருப்பதும் எளிதல்ல. ஆண்டுக் கடைசியின் மழையில் மரம் ஊதும். ஆண்டு நடுவில் வீசும் கச்சான் காற்றில் சுருங்கும். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே வறண்ட காற்று பியானோவின் சுருதியைக் கலைக்கும். அதனால் பல வீடுகளில் 61 கட்டை மின்கீபோர்டே முதற்கருவி. பெரும்பாலும் அதன் கட்டைகளுக்கு எடை இல்லை. சுண்டுவிரலைப் பாடவைக்கும் பயிற்சிக்கு அது போதாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிரேட் பரீட்சைப் பாடத்தைத் தொடங்குமுன், பிள்ளையை மெட்டை மட்டும் வாய்விட்டுப் பாடச்சொல்லுங்கள். ஹம்பூர்க், ரக்மனினொஃப் ஆகியோரின் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டுங்கள். பெற்றோரே, அடுத்த கருவி வாங்கக் கடைக்குப் போகும்போது 88 கட்டை இருக்கிறதா, கட்டைகளுக்கு எடை இருக்கிறதா என்று கேட்டு, பிள்ளையை அழுத்திப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.