தவறவிட்ட கேட்சும் தலைமைப் பண்பும்

இளையோர் அணிகளில் கேப்டன் பொறுப்பு பெரும்பாலும் தலைசிறந்த ஆட்டக்காரருக்கே தானாகப் போய்ச் சேர்கிறது. அதிக ஓட்டங்கள் குவிப்பவர் அல்லது அதிக கோல் அடிப்பவர் அணியை வழிநடத்தவும் தெரிந்தவராக இருப்பார் என்பது, பள்ளி, மாவட்ட அளவிலான பயிற்சியாளர்கள் பலர் சோதித்துப் பாராமலே ஏற்றுக்கொண்ட எண்ணமாகும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஒன்பது அணி விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 ஆட்டக்காரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கருத்துக் கேட்டு, காட்ரின் ஃபிரான்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை ஆட்டங்காண வைத்தது. களத்தில் வியூகம் சொல்லும் பணித்தலைமை, சோர்ந்தவரைத் தட்டியெழுப்பும் ஊக்கத்தலைமை, களத்துக்கு வெளியே நல்லுறவைப் பேணும் உறவுத்தலைமை, நிர்வாகத்திடமும் ஊடகத்திடமும் அணிக்காகப் பேசும் வெளித்தொடர்புத் தலைமை என நான்காகப் பகுத்துக் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் இவற்றுள் எதிலுமே கேப்டனை முதன்மைத் தலைவராகக் கருதவில்லை. பொறுப்பை வழங்குவது பயிற்சியாளர் என்றாலும், சக வீரர்கள் மனமுவந்து ஏற்கும்போதுதான் அது செல்லுபடியாகிறது; அந்த ஏற்போ, அவர் தங்களை எவ்வாறு நடத்துகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சக வீரர்மீது காட்டும் நடத்தையை விளையாட்டு உளவியலாளர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர்: தேற்றுதல், பாராட்டுதல், யோசனை கூறுதல் ஆகியவை ஆதரவு நடத்தை, திட்டுதல், வாக்குவாதம் செய்தல், எரிச்சலை வெளிக்காட்டுதல் ஆகியவை எதிர்நிலை நடத்தை. மிட்-ஆஃபில் நிற்கும் பதினைந்து வயதுச் சிறுவன் எளிய கேட்சைக் கோட்டைவிட்டால், பந்தை எடுத்து எறிந்த கையோடு அவன் பார்ப்பது கேப்டனின் முகத்தைத்தான். அங்கே இடுப்பில் கைவைத்து வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒருவர் நின்றால், அடுத்த பந்து தன் பக்கம் வரவே கூடாது என்று அவன் வேண்டத் தொடங்குகிறான். ‘விடு, அடுத்ததைப் பிடிச்சிரலாம்’ என்ற குரல் கைதட்டலோடு வந்தால் ஓரடி முன்னே வந்து நிற்கிறான். பதின்வயதினர் தம் மதிப்பைச் சம வயதினரின் பார்வையைக் கொண்டே பெரிதும் அளந்துகொள்வதால், இந்த ஒரு நொடி அவர்களிடம் ஆழமாகப் பதிகிறது. இதனால் கேப்டன் கண்டிப்பற்றவராக இருக்க வேண்டும் என்று பொருளாகாது. முயன்று தவறியவரைத் தேற்றுபவர் என்று பெயரெடுத்தவர்தான், முயலாமல் நின்றவரைக் கடிந்துகொள்ளும் உரிமையையும் பெறுகிறார்.

2022இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடைபெற்ற 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, தலைமை ஒருவரிடம் மட்டும் தங்கியிராத அணி எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டியது. 17 பேர் கொண்ட இந்திய அணியில் கேப்டன் யஷ் துல், துணைக் கேப்டன் ஷேக் ரஷீத் உள்பட ஆறு பேர் கொரோனா காரணமாகத் தனிமைப்படுத்தப்பட, அயர்லாந்தை எதிர்கொள்ளச் சரியாகப் பதினொரு பேரே எஞ்சினர். மாற்று ஃபீல்டர்கூட இல்லாத அந்த அணி, நிஷாந்த் சிந்துவின் தலைமையில் 174 ஓட்டங்கள் வித்தியாசத்திலும், அடுத்து உகாண்டாவை 326 ஓட்டங்கள் வித்தியாசத்திலும் வென்றது. மீண்டு வந்த துல் பொறுப்பைத் திரும்ப ஏற்றார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் 37 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகள் சரிந்திருந்த நிலையில், அவரும் ரஷீதும் சேர்ந்து 204 ஓட்டங்கள் எடுத்தனர். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இலக்கைத் துரத்தும்போது ஆட்டமிழக்காமல் 50 ஓட்டங்கள் எடுத்து நின்றவர், கேப்டன் பொறுப்பைத் திருப்பித் தந்துவிட்டிருந்த அதே சிந்துதான். பொறுப்பு கைமாறியபோதெல்லாம் ஆட்டம் தடுமாறாதது, பெஞ்சில் இருந்தவர்களும் தங்களை அணியின் முழு உறுப்பினர்களாக உணர்ந்திருந்ததால்தான் என்று கருத இடமுண்டு.

அத்தகைய உணர்வு மேலிருந்தே ஊட்டப்பட வேண்டியது. இந்திய ஏ அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளராக இருந்த ராகுல் திராவிட், ஏ அணியோடு சுற்றுப்பயணம் வரும் எவரும் ஓர் ஆட்டமாவது ஆடாமல் திரும்பமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். வாய்ப்பே கிடைக்காமல் ஊர் திரும்பும் வேதனையை இளம் வயதில் அவரே பட்டிருந்தார். 2018இல் இளையோர் உலகக் கோப்பையை வென்றபோது திராவிடுக்கு 50 லட்சம் ரூபாயும், வீரர்களுக்குத் தலா 30 லட்சமும், துணைப் பயிற்சியாளர்கள் உள்ளிட்ட உதவிக் குழுவினருக்குத் தலா 20 லட்சமும் பரிசாக அறிவிக்கப்பட்டது. உழைப்பு ஒன்றாக இருக்கையில் தமக்கும் தம் உதவிக் குழுவினருக்கும் இடையே இந்த வேறுபாடு ஏன் என்று அவர் கேட்டதன்பின், அவருடைய தொகை பாதியாகக் குறைக்கப்பட்டு, அவர் உள்பட அக்குழுவினர் அனைவருக்கும் தலா 25 லட்சம் வழங்கப்பட்டது.