இரண்டாவது கையெழுத்து

சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஓர் ஊராட்சியில் போர் மோட்டார் எரிந்துபோகிறது என்று வையுங்கள். டேங்க் ஆபரேட்டர் விடியற்காலையிலேயே தலைவருக்குப் போன் அடித்துவிடுவார். ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் ஊர் பொறுத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் காலிக் குடங்கள் ரோட்டுக்கு வந்துவிடும், டவுன் பஸ் நின்றுவிடும். ஆகவே மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கும் வேலை முதலில் முடிகிறது. பில் பிறகுதான் வருகிறது. அந்தப் பில்லுக்குப் பணம் போக வேண்டுமானால் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் போட வேண்டும்.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவு சொல்வது இது. ஊராட்சி நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது சேலம் மாவட்டத்தில் 385 கிராம ஊராட்சிகளும், நாமக்கல்லில் 322-ம் இருந்தன. அத்தனை ஊரிலும் தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு எல்லாம் இந்த இரண்டு கையெழுத்தைக் கடந்துதான் நடந்தாக வேண்டியிருந்தது. கிராம சபையைப் பற்றி நாம் எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதியதில்லை. ஊராட்சியின் அன்றாட அரசியல் முழுக்க இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெம்பர்கள் நினைத்தால் இறக்கிவிட முடியாது. அப்படிப்பட்டவரிடம் செக் புத்தகத்தையும் தனியாகக் கொடுத்தால் ஐந்து வருடத்துக்கு அவரைக் கேட்க ஆளில்லை. இரண்டாவது கையெழுத்து இருப்பதால், மன்றத்துக்குள்ளேயே ஒருவராவது பில்லைப் புரட்டிப் பார்க்கிறார். தலைவர் பெண்ணாக இருந்து, ‘தலைவர் வீட்டுக்காரர்’ செக்கை நீட்டும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். வேலை எங்கே நடந்தது, பல்பு எத்தனை மாட்டியது என்று கேட்கும் துணைத் தலைவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். உள்ளூர் ஆள் என்பதால் அவரை ஏமாற்றுவதும் கடினம். எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பது யூனியன் ஆபீஸ் ஆடிட்டருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் யார், எப்படி வருகிறார்? துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு மெம்பர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் அது. சேலம், நாமக்கல்லில் கடைசியாக 2020 ஜனவரி 11 அன்று நடந்தது. 9 வார்டு உள்ள ஊரில் நாலைந்து மெம்பர் கைக்குள் இருந்தால் பதவி கைக்கு வந்துவிடும். தலைவர் பதவிக்குத் தோற்ற அணி, இதைப் பிடித்துவிட்டால் பாதி ஊராட்சியைப் பிடித்த மாதிரி. போட்டி சூடாக இருப்பதும், மெம்பர்களைக் கூண்டோடு வெளியூர் அழைத்துப்போய் வைத்திருப்பதும் இதனால்தான்.

அதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. தலைவர் பதவிக்குப் பட்டியல் சமூகத்தாருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு இருக்கிறது. பெண்களுக்கு 2016 முதல் பாதி இடம். கிராம ஊராட்சித் துணைத் தலைவர் பதவிக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. எனவே தனித் தொகுதி ஊராட்சிகளில் எண்ணிக்கையிலும் நிலத்திலும் பலம் உள்ள சாதி, துணைத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையெழுத்தால் வாங்கிக்கொள்கிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சமூகத்துப் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளிவந்தது. துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. தரையில் உட்காரவைத்தால் படம் எடுக்கலாம். ஆறு மாதம் பில்லில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் எதைப் படம் எடுப்பது?

இழுத்தடிப்பின் விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். காயில் கட்டிய கடைக்காரர் பில்லோடு வருகிறார். “துணைத் தலைவர் இன்னும் கையெழுத்துப் போடலீங்க, அடுத்த மாசம் பாக்கலாம்” என்கிறார் ஊராட்சிச் செயலர். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது முறை மோட்டார் எரியும்போது கடைக்காரர் கடனுக்கு வருவதில்லை. ஊர் விடுமா? தலைவர் கைக்காசைப் போடுகிறார், அல்லது வட்டிக்கு வாங்கிப் போடுகிறார். அவருடைய மதிப்பூதியமோ மாதம் 2,000 ரூபாய். பிறகு ஒருநாள் சமரசம் ஆகிறது. தலைவருக்குப் போட்ட காசு, அதற்கான வட்டி, கடைக்காரருக்குக் காத்திருந்த கூலி, கையெழுத்துப் போட்டவருக்கு ‘ஏதோ ஒன்று’ எல்லாமே அடுத்த பில்லில் ஏறிவிடுகின்றன. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டே பில்லை ஊதவைக்கிறது. சமரசம் ஆனபின் இரண்டு கையெழுத்தும் கச்சிதமாக இருக்கும். ஆடிட்டில் ஒரு குறையும் தென்படாது.

இந்த முறையின் அடிப்படைக் கோளாறு இதில்தான் தெரிகிறது. இரண்டு கையெழுத்து என்பது இருவர் ஒத்துப்போனார்கள் என்பதற்குச் சாட்சி. பணம் சரியாகச் செலவானது என்பதற்கு அது சாட்சியே அல்ல. காகிதச் செக் போய் டிஜிட்டல் கையெழுத்து வந்ததும் இதை மாற்றவில்லை. கையெழுத்துக் கருவி ஒருவர் பெயரிலும் பாஸ்வேர்டு இன்னொருவர் கையிலும் இருந்தால், பூட்டு மட்டும்தான் புதுசு.

தலைவரோ துணைத் தலைவரோ இல்லாதபோது, மன்றம் தீர்மானம் போட்டு வேறொரு மெம்பருக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. வெளியூர் போனவருக்கு அது பொருந்தும். ஊரிலேயே இருந்துகொண்டு மறுப்பவரை என்ன செய்வது? பி.டி.ஓ.விடம் மனு, கலெக்டரிடம் மனு. கடைசியில் கலெக்டர் செக் அதிகாரத்தை வாங்கி அதிகாரியிடம் கொடுப்பதில் போய் முடிகிறது. தலைவர், துணைத் தலைவர் இருவர் சண்டைக்கு ஊர் முழுக்கத் தன் உரிமையை இழக்கிறது.

கர்நாடகத்தில் தலைவரோடு கையெழுத்திடுபவர் அரசு ஊழியரான ஊராட்சி வளர்ச்சி அலுவலர். இங்கும் அப்படியே செய்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதிகாரி ஆட்சியை நாம் பார்த்துவிட்டோம். 2016 முதல் 2019 வரை தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தியபோது மத்திய நிதிக்குழு மானியமே நிறுத்தப்பட்டது. 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்து கையெழுத்து மறுபடி யூனியன் ஆபீஸுக்குப் போனது. ஓர் அதிகாரி பல ஊராட்சிகளுக்குக் கையெழுத்திடும்போது எந்த ஊர் மோட்டாரை அவர் பார்த்திருக்கப் போகிறார்?

இரண்டாவது கையெழுத்து இருக்கட்டும். அதன் வீட்டோ அதிகாரம்தான் போக வேண்டும். மன்றம் தீர்மானித்த செலவுக்கு 15 நாளில் கையெழுத்திட வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மன்றம் குறிக்கும் இன்னொரு மெம்பர் கையெழுத்திடலாம் என்று 188-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். தனித் தொகுதி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவியையும் ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவருவது அடுத்த வேலை.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் வரவு செலவு படிக்கும்போது தொகையோடு நிறுத்த விடாதீர்கள். ஒவ்வொரு பில்லும் எந்தத் தேதியில் வந்தது, பணம் எந்தத் தேதியில் போனது என்று இரண்டு தேதியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.