2024: எனக்குப் பிடித்த ஐந்து தமிழ்ப் படங்கள்

"லிஸ்ட்ல மகாராஜா எங்கடா?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம் பிடித்தது. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி நேரத் திருப்பத்துக்காக ஒளித்து வைத்தது பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

முடிவுகளையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துட்டு வாங்க.

5. ஜமா

பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்த தெருக்கூத்துப் படம். பெண் வேடம் கட்டும் கல்யாணத்துக்கு அர்ஜுனன் வேடம் வேண்டும். ராத்திரி திரௌபதிக்குக் கண்ணீர்விடும் ஊர், காலையில் அவன் நடையைப் பார்த்துச் சிரிக்கிறது. இதைப் படம் அலட்டாமல் சொல்லிவிடுகிறது. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. சேத்தனுக்காகவே பொறுத்துக்கொள்ளலாம்.

4. லப்பர் பந்து

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். மாமனார் ஆகப்போகிறவருக்கும் மருமகன் ஆகப்போகிறவனுக்கும் கிரிக்கெட்டில் ஈகோ. தியேட்டரில் எல்லோரும் 'கெத்து' தினேஷுக்கு விசில் அடித்தோம். எனக்கு மனசில் நின்றது யசோதாவாக வந்த சுவாசிகா. சாதியை மீறிக் கட்டிக்கொண்டவள், புருஷனின் ஆட்டத்துக்கான விலையையும் தானே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சாதியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கவும் பேச முடியும் என்று காட்டிய படம்.

3. மெய்யழகன்

தியேட்டரில் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. கல்யாண மேடையில் அருள்மொழி கொண்டுவந்த நகைகளைத் தங்கை அங்கேயே போட்டுக்கொள்ளும் காட்சி ஒன்று போதும். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருந்தது, விடிய விடியப் பேசுவது அப்படித்தானே இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி அரித்தது: திரும்பிப் போனால் இப்படிக் கட்டிக்கொள்ளும் ஊர் யாருக்கெல்லாம் வாய்த்திருக்கிறது?

2. வாழை

அதற்கு ஒரு மாதம் முன்பே வந்த பதில் இது. சிவனைந்தானுக்கு ஊர் என்றால் தலையில் ஏறும் வாழைத்தார். பள்ளிக்கூடம் அவனுக்கு விடுமுறை, விடுமுறை நாள்தான் தண்டனை. டான்ஸ் ஆடும் ஆசையில் ஒருநாள் சுமை தூக்கப் போகாததால் உயிரோடு இருக்கிறான். அந்தக் குற்றவுணர்வோடு ஒரு பிள்ளை எப்படி வளரும்? கடைசியில் நமக்கு முன்னால் இசை அழத் தொடங்கிவிடுகிறது, அது மட்டும்தான் என் குறை. அங்கே அவன் பசியே போதுமாக இருந்தது.

1. கொட்டுக்காளி

'வாழை' வந்த அதே ஆகஸ்ட் 23 அன்று வந்த படம். அன்று பார்த்துவிட்டு "இவ்ளோதானா?" என்று எரிச்சலோடு எழுந்து வந்தவன் நான். பின்னணி இசை இல்லை, நாயகி கிட்டத்தட்ட வாய் திறப்பதே இல்லை, முடிவும் இல்லை.

என்னை மாற்றியது 'மெய்யழகன்'தான். அதில் 'அத்தான், அத்தான்' என்று கார்த்தி உரிமையோடு ஒட்டிக்கொள்ளும்போது நெஞ்சு நிறைகிறது. இங்கே மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிப் போகிறவர்களும் உறவுக்காரர்கள்தான். முறைமாமன் என்ற உரிமைதான் பாண்டியின் கையை ஓங்க வைக்கிறது. அவள் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு அத்தனை பேரும் அடி வாங்குகிறார்கள். வழிமறித்து நிற்கும் மாட்டை ஆண்கள் எல்லோரும் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை, ஒரு சிறுமி வந்து சாதாரணமாகக் கூட்டிப் போகிறாள்.

கடைசியில் சாமியாடி வேறொரு பெண்ணைத் தொட்டு 'வைத்தியம்' பார்ப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவனோடு சேர்ந்து நம்மையும் பார்க்க வைத்துவிட்டு, என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலே வினோத்ராஜ் படத்தை முடித்துவிடுகிறார். ஆகஸ்டில் அதை ஏமாற்று வேலை என்று நினைத்தேன். அவன் திருந்திவிட்டதாகக் காட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த ஆட்டோவில் இருந்த அத்தைகளையும் மாமாக்களையும் என் வீட்டு விசேஷங்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பரிமாறியதைச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

'மெய்யழகன்' காட்டிய அன்பும் பொய்யில்லை. ஆனால் அதே உறவுகள் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று தெரிந்த பிறகு, அதை முதலிடத்தில் வைக்க மனசு வரவில்லை.