தொன்ம வீரர்களும் தணிக்கையின் நிழலும்: குனியோஷியின் மர அச்சோவியங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

பழைய வீரன் ஒருவனைக் கலைஞன் ஏன் மீண்டும் வரைகிறான்? இக்கேள்விக்கு இரு விடைகள் வழக்கமாகக் கிடைக்கின்றன. நிகழ்காலத்தை எதிர்கொள்ள அஞ்சிப் பழமைக்குள் ஒதுங்குகிறான் என்பது ஒன்று. நேரடியாகச் சொல்ல முடியாத எதிர்ப்பைத் தொன்மத்துள் மறைத்துச் சொல்கிறான் என்பது மற்றொன்று. யப்பானிய ஓவியர் உட்டகாவா குனியோஷியின் (1798-1861) படைப்புகளை ஊன்றி நோக்கும்போது, இவ்விரண்டுமே அவசர முடிவுகள் என்பது புலனாகின்றது.

எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், பட்டுத்துணிச் சாயத் தொழில் செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர் குனியோஷி. அவர் இயங்கிய 'உக்கியோ-எ' மர அச்சோவியம் அரண்மனைக் கலையன்று. நகரத்துச் சாதாரண மக்கள் சிறு விலை கொடுத்து வாங்கிச் சென்ற சந்தைப் பொருள். ஓவியர் கோட்டுருவை வரைவார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டிச் செதுக்குவார். அச்சிடுபவர் வண்ணத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுப்பார். முதல் போட்டு விற்பவர் பதிப்பாளர். இவர்களோடு தணிக்கையாளரும் இருந்தார். அவரது முத்திரை படத்தின் மூலையிலேயே பதிந்தது. அதிகாரத்தின் கண் படாத வீரனை எடோவின் சந்தையில் காண்பது அரிது.

அக்கண் எவ்வளவு கூர்மையானது என்பதை 1804இல் நடந்தது காட்டும். பதினாறாம் நூற்றாண்டின் ஆட்சியாளரான டொயொட்டோமி ஹிதேயோஷியைச் சித்திரித்ததற்காகப் புகழ்பெற்ற ஓவியர் உட்டமாரோவின் கைகளில் ஐம்பது நாட்கள் விலங்கு பூட்டப்பட்டது. 1573க்குப் பிற்பட்ட வீரர்களைப் பெயர் சுட்டி வரைவது தடைசெய்யப்பட்டது. ஆளும் டொக்குகாவா குடும்பம் அதிகாரத்துக்கு வந்த வரலாறு மக்களின் பேச்சுப்பொருளாவதை அரசு விரும்பவில்லை. ஆகவே ஹிதேயோஷி 'ஹிசயோஷி' ஆனார். அண்மைய போர்கள் பழங்காலப் போர்களின் உடையை அணிந்துகொண்டன. தொன்மத்தை நோக்கிய நகர்வு ஓவியரின் விருப்பம் மட்டுமன்று, தொழில் செய்வதற்கான நிபந்தனையும் ஆகும்.

குனியோஷிக்குப் பெயர் தேடிக் கொடுத்தது 1827இல் தொடங்கிய 'சுயிகோடென்' வரிசை. நூற்றெட்டுச் சட்டமறுப்பாளர்கள் சதுப்பு நிலமொன்றில் கூடி ஊழல் அதிகாரிகளை எதிர்க்கும் சீன நாவலே அதன் மூலம். நாவலில் உடலிற் பச்சை குத்தியவர்கள் ஒரு சிலரே. குனியோஷியோ இன்னும் பலரின் முதுகிலும் தோளிலும் நாகங்களையும் மலர்களையும் படர விட்டார். எடோவின் தீயணைப்போரும் கூலித் தொழிலாளரும் அப்படங்களைத் தம் உடல்களில் பச்சை குத்திக்கொண்டனர். வாள் ஏந்தும் உரிமை சாமுராய்களுக்கே உரியதாக இருந்த சமூகத்தில், ஓர் உழைப்பாளி வீரனைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டான். குனியோஷி அவனைக் கலகத்துக்கு அழைத்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் தாளில் இருந்ததை உடலுக்கு மாற்றியவன் அதற்கொரு புதிய பொருளைக் கொடுத்துவிட்டான்.

1842இல் அமைச்சர் மிஸுனோ டடகுனியின் சீர்திருத்தச் சட்டங்கள் நடிகர்களையும் கணிகையரையும் வரைவதைத் தடுத்தன. நாடகத்தையும் நகரின் ஆடம்பரத்தையும் அடக்குவதே நோக்கம். விசுவாசம் போதிக்கும் வீரர் படங்களுக்குத் தடையில்லை. அடுத்த ஆண்டே, மிகப் பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட இந்த விடயத்திலிருந்து மிகக் கூர்மையான படம் வெளிவந்தது. மூன்று தாள்கள் இணைந்த அப்படத்தில் பழைய வீரன் மினமொட்டோ யொரிமிட்சு நோயுற்றுக் கிடக்கிறான். அவனுக்குப் பின்னால் மண்சிலந்திப் பூதம். காவலிருக்கும் நான்கு வீரர்களுள் இருவர் 'கோ' எனும் பலகையாட்டத்தில் இருக்கின்றனர். மேலே இருளில் விசித்திரப் பேய்கள் அணிதிரள்கின்றன. மக்கள் உடனே கதை கட்டினர்: படுத்திருப்பவர் ஷோகன், மிஸுனோவின் குலச்சின்னத்தை உடையில் கொண்ட காவலன் மிஸுனோவே, பேய்கள் சட்டங்களால் பிழைப்பிழந்தவர்கள். பேச்சு பரவவே பதிப்பாளர் அஞ்சிப் படத்தைத் திரும்பப் பெற்றார், பலகைகள் அழிக்கப்பட்டன. மிஸுனோவும் அதே 1843இல் பதவியிழந்தார்.

இப்படத்தை விடுகதையாக மட்டும் வாசிப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. விடுகதைக்கு விடை கிடைத்ததும் அதன் வேலை முடிந்துவிடும். மிஸுனோ யாரென்று அறியாதவரையும் இப்படம் இன்று பிடித்து நிறுத்துவது ஏன்? பழங்கதையில் யொரிமிட்சு வாளெடுத்துச் சிலந்தியை வெட்டுகிறான். குனியோஷியோ கதையை அந்த வெற்றிக்கு முந்திய கணத்தில் நிறுத்திவிட்டார். எல்லோரும் அறிந்த முடிவைப் படம் தர மறுக்கின்றது. அதிகாரம் விரும்பிய நீதிபோதனைக்கு வெற்றி வேண்டும். இங்கே அது இல்லை. படத்தின் அரசியல் குலச்சின்னத்தில் இருப்பதைவிட இந்த நிறுத்தத்திலேயே அதிகம் இருக்கின்றது என்பேன்.

அதேவேளை, வீரர் படத்துக்கு இயல்பாகவே எதிர்ப்புக் குணம் உண்டெனக் கொள்வதும் தவறு. குனியோஷியின் மாணவர் யொஷிட்டோஷி, 1868இல் உவெனோவில் நடந்த உள்நாட்டுப் போரின் குருதியைப் பழைய வீரர்களின் முகத்தில் வரைந்தார். அவரது மாணவரான டொஷிக்கட்டாவோ 1894-95 சீன-யப்பானியப் போரின்போது பேரரசின் வெற்றிகளை வரைந்தவர்களுள் ஒருவர். தொன்ம வீரனின் விறைத்த தோரணை அப்போர்ப் படங்களில் படையதிகாரிகளுக்கு வாய்த்தது; சீனர் சிதறியோடும் கும்பலாயினர். 1827இல் எடோவின் உழைப்பாளர் தம் தோலில் ஏந்திய வீரர்களும் சீனரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று தலைமுறைக்குள் அதே மரபு, அதே பலகை, அதே உளி. மாறியது வீரன் யார் பக்கம் நிற்கிறான் என்பதே.

ஆகவே தொன்மத்தைக் கையாளும் கலையை மதிப்பிடும்போது, 'இது யாரைக் குறிக்கிறது?' என்ற கேள்வி போதாது. கதையின் எந்தக் கணத்தைக் கலைஞன் தேர்ந்தான், யாருக்கு வெற்றியைக் கொடுத்தான் அல்லது கொடுக்க மறுத்தான், அதனைக் காசு கொடுத்து வாங்கியவன் அதை என்ன செய்தான் என்பனவும் கேட்கப்பட வேண்டும். பலகைகளை அழித்தவர்கள் படத்தில் என்ன இருந்தது என்பதற்காக அஞ்சவில்லை. மக்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதற்காகவே அஞ்சினார்கள்.