எதிரே உட்கார்ந்திருப்பவள்

1961-ஆம் வருஷத்தை நாம் கோவாவுக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். டிசம்பரில் இந்தியப் படை உள்ளே போயிற்று. இரண்டே நாளில் காரியம் முடிந்துவிட்டது. கடைசி மனிதன் இருக்கும்வரை சண்டை போட வேண்டும் என்று லிஸ்பனிலிருந்து ஸலஸார் அனுப்பிய உத்தரவை மீறிச் சரணடைந்த கவர்னரை, பின்னால் ராணுவத்திலிருந்தே விலக்கினார்கள். நம்மைப் பொறுத்தவரை பறங்கியர் கதை அத்தோடு சரி. ஆனால் அந்த வருஷத் தொடக்கத்திலேயே அங்கோலாவில் கிளர்ச்சி மூண்டிருந்தது. பிறகு கினியாவிலும் மொஸாம்பிக்கிலும் மூண்டது. கோவாவை விட்ட கை ஆப்பிரிக்காவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது. 13 வருஷ யுத்தம். ஒரு கோடி ஜனங்கள்கூட இல்லாத தேசத்திலிருந்து சுமார் 8 லட்சம் வாலிபர்களைக் கப்பல் ஏற்றினார்கள். போர்ச்சுகல் தரப்பில் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாண்டார்கள். ஆப்பிரிக்கர்களில் மாண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களை யாரும் அப்படி எண்ணிக் குறித்து வைக்கவில்லை.

1974 ஏப்ரல் 25-ஆம் தேதி, இந்த யுத்தம் அலுத்துப்போன ராணுவ அதிகாரிகளே சர்க்காரைக் கவிழ்த்தார்கள். லிஸ்பன் ஜனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகி ஆனந்தக் கூத்தாடினார்கள். அந்தத் துப்பாக்கி அதுவரை எங்கே, யாரைச் சுட்டுக்கொண்டிருந்தது என்று விசாரிக்கப் பண்டிகை நாளில் யாருக்கு மனசு வரும்? மறுநாளும் வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

இந்த நிலைமையிலிருந்து பிறந்த நாவல்தான் அந்தோனியோ லோபோ அந்துனெஸ் 1979-இல் வெளியிட்ட ‘ஓஸ் கூஸ் டி ஜூடாஸ்’. தலைப்பு அவர்கள் ஊர்க் கொச்சை. யூதாஸின் பின்புறம் என்று அர்த்தம். நாம் ‘தண்ணியில்லாக் காடு’ என்கிறோமே, அதுதான். ‘தி லாண்ட் அட் தி எண்ட் ஆஃப் தி வோர்ல்ட்’ என்ற இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் நான் படித்தேன். அந்துனெஸ் டாக்டர். 1971 முதல் 1973 வரை அங்கோலாவில் ராணுவ வைத்தியராக இருந்தவர். திரும்பி வந்து மனோவியாதி வைத்தியரானவர். நாவலில் பேசுகிறவனும் டாக்டர்தான். அங்கோலாவில் இருந்துவிட்டு வந்தவன்தான்.

கதை என்று சொல்லப்போனால் ஒன்றும் இல்லை. லிஸ்பனில் ஒரு மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு எதிரே அவன் உட்கார்ந்திருக்கிறான். பேசுகிறான். ராத்திரி முழுவதும் பேசுகிறான். பிறகு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான், அங்கேயும் பேசுகிறான். பொழுது விடிகிறது. அத்தியாயங்களுக்குத் தலைப்புக்கூடக் கிடையாது. அரிச்சுவடி மாதிரி ஏ, பி, சி என்று எழுத்துக்கள்தான். ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். குழந்தைப் பிராயத்து மிருகக்காட்சிசாலை, கண்ணிவெடியில் கால் போன சிப்பாய், மதுக்கடையில் வந்து நிற்கும் அடுத்த கிளாஸ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடித்துக்கொண்டு வரும். முதல் முப்பது பக்கம் எனக்குத் தலையை வலித்தது. அதற்குமேல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. மனித உடம்பை வெட்டித் தைக்கிற கை எழுதிய பக்கங்கள் என்பது தெரிகிறது. வீரம் என்கிற வார்த்தைக்கு அங்கே இடமே இல்லை. பட்டாளத்துக்குப் போனால் பையன் ஆண்பிள்ளையாகி வருவான் என்று வாழ்த்தி அனுப்பிய அத்தைமார்கள், கடைசியில் திரும்பி வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவன் உருப்படமாட்டான் என்று முடிவு கட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே படித்தேன், ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசியிருக்கலாம், நம் காதில் விழுவதில்லை. அவன் ‘இன்னொரு கிளாஸ்?’ என்று கேட்பதையும், சமாதானம் சொல்வதையும் வைத்து அவள் என்ன செய்தாள் என்று நாமே ஊகிக்க வேண்டும். இதை ஓர் அபாரமான உத்தி என்று பாராட்டுவதுண்டு. நானும் பாதி தூரம் அந்த அபிப்பிராயத்தோடு வருகிறேன். கேட்க ஆளில்லாத தேசத்தில், வழிப்போக்கரைப் பிடித்து நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. மற்றவர் மனசைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட மனுஷர், தான் பேசும்போது எதிராளியை மௌனமாக உட்கார்த்திவைத்தார் என்பதில் ஒரு ஹாஸ்யமும் இருக்கிறது.

ஆனால் நாவலில் சோபியா என்று இன்னொருத்தி வருகிறாள். கறுப்புப் பெண், அந்துனெஸ் வேலை பார்த்த கிழக்கு அங்கோலாவில் துணி வெளுக்கிறவள். டாக்டர் அவளிடம் போய் வந்துகொண்டிருக்கிறான். ஒரு நாள் ரகசியப் போலீஸார் அவளைப் பிடித்துக்கொண்டு போய், சீரழித்துக் கொன்றுவிடுகிறார்கள். டாக்டருக்குத் தெரிகிறது. சும்மா இருந்துவிடுகிறான். பல வருஷம் கழித்து அந்தக் கோழைத்தனத்தைச் சொல்லித் தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறான். நாவலின் உயர்ந்த பக்கங்கள் இவை என்று சொல்வேன். எனக்குச் சந்தேகம் பிறந்ததும் இதே பக்கங்களில்தான். எத்தனை அழகாக அழுகிறான்! அழகாகச் சொல்லச் சொல்ல, அழுகிறவனைத்தான் நாம் பார்க்கிறோம். செத்தவள் தூரத்தில் போய்விடுகிறாள். சோபியா என்ன நினைத்தாள், இந்த வெள்ளைக்கார டாக்டரை அவள் எப்படி எடை போட்டிருந்தாள் என்று நமக்குத் தெரியாது. மதுக்கடைப் பெண்ணைப் போலவே அவளும் பேசாதவள். தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவனை வேறு யாரும் திட்ட முடியாது. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்துனெஸ் போன்ற பெரிய எழுத்தாளர் அந்தச் சௌகரியத்தை இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்தச் சந்தேகம் என்னுடைய வீண் பிடிவாதம் இல்லை என்று 2005-இல் வெளிவந்த அவருடைய கடிதங்கள் நினைக்க வைக்கின்றன. யுத்தத்தின்போது கர்ப்பிணியான இளம் மனைவிக்கு, சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த விமானத் தபால் காகிதங்களில் எழுதியவை. தாய் காலமான பிறகு மகள்கள் பிரசுரித்தார்கள். காதலும், ஏக்கமும், எழுத முயலும் நாவலைப் பற்றிய கவலையுமாகப் போகிற கடிதங்கள். மதுக்கடையில் கொட்டுகிற குரல் அங்கே இல்லை. மனைவியிடம் எதைச் சொல்ல முடியும், முன்பின் தெரியாதவளிடம் எதைச் சொல்ல முடியும் என்பது வேறு வேறு. அதிலும் புருஷன் எழுதியதுதான் புத்தகமாயிற்று. 2016-இல் இவோ ஃபெரெய்ரா இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். படம் நெடுக ஒரு பெண் குரல் கேட்கிறது. ஆனால் அவள் படிப்பது புருஷனின் கடிதம். அப்போதும் அவள் பேச்சு அவளுடையது இல்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? 1988-இல் லீடியா ஜோர்ஜ் எழுதிய நாவல் அதற்குப் பதில். இங்கிலீஷில் ‘தி மர்மரிங் கோஸ்ட்’. இந்த அம்மாள் யுத்த காலத்தில் ஆப்பிரிக்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். புத்தகத்தின் முதல் பகுதி ஒரு சிறுகதை: மொஸாம்பிக்கில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இளம் அதிகாரிக்கும் எவிட்டாவுக்கும் கல்யாணம், நடனம், வெட்டுக்கிளிக் கூட்டம், கரையில் ஒதுங்கும் கறுப்பர்களின் பிணங்கள். கச்சிதமான கதை. அது முடிந்ததும் இருபது வருஷம் மூத்த எவிட்டா குறுக்கிட்டு, கதை எழுதினவரிடம் ‘நன்றாய்த்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால்...’ என்ற தோரணையில் ஆரம்பிக்கிறாள். மீதிப் புத்தகம் முழுவதும் அந்த ‘ஆனால்’தான். கணிதம் படித்த சாதுவான பையனாக அவள் அறிந்த கணவன், வடக்கே சண்டைக்குப் போன இடத்தில் என்ன செய்தான் என்பது, கேப்டன் மனைவி ஒருத்தி எடுத்துக் காட்டும் போட்டோக்களில் தெரிகிறது. கணவன் சொல்லி அல்ல. அவன் சாவுகூட முதல் கதையில் சொன்னபடி இல்லை.

அந்துனெஸின் வேகம் லீடியா ஜோர்ஜிடம் கிடையாது. நடுவில் நூறு பக்கம் மெள்ளத்தான் நகர்கிறது. என்றாலும் இருவரில் யுத்தத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியச் செய்தவர் அவர்தான். பட்டாளத்துக்காரன் ஞாபகத்தில் நாம் அனுதாபத்துடன் காது கொடுக்கிறோம். அவரோ காது கொடுத்துவிட்டு, அலமாரியைத் திறந்து போட்டோவையும் எடுத்துப் பார்க்கிறார்.

காட்டுக்குள்ளே எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும் எழுதாமல் இல்லை. அந்துனெஸ் மனைவிக்குக் கடிதம் எழுதிய அதே காலத்தில், கபிண்டாக் காட்டில் கெரில்லாவாக இருந்த பெபெடேலா ‘மயோம்பே’யை எழுதினார், 1980-இல்தான் அச்சேறிற்று. அதில் ஒருவன் மட்டும் பேசுவதில்லை. கெரில்லாக்கள் முறைவைத்து, இப்போது கதை சொல்வது நான் என்று முன்வருகிறார்கள். ஜாதிச் சண்டை மாதிரியான தங்கள் இனச் சண்டையைக்கூட மறைக்காமல் சொல்கிறார்கள். ஓன்டினா என்று ஒருத்தி அதில் வருகிறாள். அவளால் இரண்டு ஆண்களின் சிநேகம் முறிகிறது. கதை சொல்லும் முறை ஒன்பது பேருக்கு வருகிறது, அவளுக்கு வரவில்லை.