சொந்தப் பெயரில் வராதவர்கள்

'தி மைட்டி மேக்ஸ்' படத்தை முதுகலை மாணவிகளோடு உட்கார்ந்து பார்த்தேன். டிம் சேம்பர்ஸ் இயக்கி 2011இல் திரைக்கு வந்த படம். பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இம்மாகுலாட்டா என்ற சிறிய மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பற்றியது.

நடந்த கதைக்கே அழகு அதிகம். 1972 மார்ச்சில் இல்லினாயில் நடந்த தேசியப் போட்டிக்குப் போகக் கல்லூரியிடம் பணமில்லை. மாணவிகள் டூத்பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். எட்டு ஆட்டக்காரிகள்தாம் போக முடிந்தது; அதுவும் காலி இருக்கை இருந்தால் மட்டுமே ஏறக்கூடிய விமான டிக்கெட்டில். சில நாட்களுக்கு முன் தங்களை 32 புள்ளிகள் வித்தியாசத்தில் வீழ்த்திய வெஸ்ட் செஸ்டர் அணியை இறுதி ஆட்டத்தில் 52-48 என்று வென்றார்கள். கல்விக்கூடங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான்.

படம் இதை அற்புதமாக்கிவிடுகிறது. பயிற்சியாளர் கேத்தி ரஷ் வருகிறார். ஒன்றும் தெரியாத பெண்களை ஒரே பருவத்தில் வெற்றி வீராங்கனைகளாக்குகிறார். உண்மையில் அவர் 1970இலேயே, ஆண்டுக்கு 450 டாலர் சம்பளத்தில், வந்துவிட்டார். கோப்பை இரண்டாம் பருவத்தில் கிடைத்தது. அந்தப் பெண்களும் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். ஃபிலடெல்ஃபியா வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து அப்போதே வேரூன்றியிருந்தது. பந்தைக் கையில் பிடிக்கத் தெரிந்துதான் அவர்கள் கல்லூரிக்குள் வந்தார்கள். அந்தப் பள்ளி மைதானங்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மீட்பர் ஒருவரின் கதை. மீட்பர் பெண்ணாக இருப்பதால் மட்டும் அது பெண்ணியக் கதை ஆகிவிடாது.

பெயர் விஷயம் இன்னும் உறுத்துகிறது. கேத்தி சொந்தப் பெயரில் வருகிறார். அவருடைய கணவர், ஆண்கள் தொழில்முறைப் போட்டிகளின் நடுவர், அவரும் சொந்தப் பெயரில் வருகிறார். ஓடி வியர்த்த ஆட்டக்காரிகளுக்கோ கற்பனைப் பெயர்கள். திரைக்கதை வசதிக்காக என்பார்கள். அந்த வசதி ஏன் கணவருக்குத் தேவைப்படவில்லை?

கன்னியாஸ்திரீகள் வாளியைத் தட்டி ஆரவாரம் செய்யும் இடத்தில் மட்டும் படத்துக்கு உயிர் வருகிறது. அது உண்மையில் நடந்தது. மடத்துக் கல்லூரியில் படித்தவள் என்பதால் எனக்கு அந்தச் சத்தத்தின்மேல் கொஞ்சம் பாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் முடிந்ததும் கல்லூரி அணியில் ஆடும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்த சென்டர் ஆடுறவ நிஜத்துல யாரு மேடம்?"

கரும்பலகையில் எழுதினேன்: தெரசா ஷேங்க். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். அதன் கீழே, 1972 கோப்பைக்குப் பிறகு அணியில் சேர்ந்த மரியான் க்ராஃபோர்ட். ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக அணியைத் தேசிய சாம்பியனாக்கிய பயிற்சியாளர்.

"இவங்களப் பத்திப் படம் இருக்கா?" என்றாள்.